ரூயின் என்று ஒரு சொல்

எங்கள் பெயின்ட் லைனுக்குப் பொறுப்பாக இருந்த எஞ்சினியர் கொரியாவிலிருந்து வந்தவர். அவருக்குத் தமிழில் ‘சாப்டாச்சா’ மட்டும் தெரியும். ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்திலும் அவர் வாயில் ஓயாமல் புரண்ட சொல் ‘ரூயின்’. பெயின்ட் அடித்து வந்த பாகத்தில் கடுகளவு தூசி ஒட்டியிருந்தால் ரூயின். ஓரத்தில் பெயின்ட் லேசாக வழிந்திருந்தால் ரூயின். கேன்டீனில் சோறு குழைந்துபோன அன்றைக்குத் தட்டை ஒரு விரலால் தள்ளிவைத்து அதையும் ரூயின் என்றார்.

எனக்கு ஆத்திரமாக வரும். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரியில் எங்களுக்கு அந்தச் சொல் வந்ததெல்லாம் பெரிய இடத்து விவகாரங்களோடுதான். ஒரு கோட்டை இடிந்து சரியும். ஓர் அரசன் புத்தி கெட்டு நாட்டைத் தொலைப்பான். ஒரு குடும்பம் தலையெடுக்கவே முடியாமல் போகும். அதற்குத்தான் ரூயின் என்று பெயர். நாசம், பாழ், அழிவு என்று மூன்று அர்த்தத்தையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள் நான். அவ்வளவு பெரிய சொல்லை எடுத்து ஒரு பிளாஸ்டிக் மூடியின் மேல் இந்த மனுஷன் போடுகிறாரே என்று இருக்கும். போதாக்குறைக்கு, அந்த மூடியைத் துடைப்பதுதான் என் வேலை.

2010-ல் சென்னைக்கு வெளியே ஒரகடம் பக்கம் அந்தக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உறை இருக்கும் அல்லவா, அதற்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி. உறையைப் பிசுபிசுப்பான ஒரு துணியால் துடைத்து ஹேங்கரில் மாட்ட வேண்டும். ஹேங்கர் என்றால் சட்டை மாட்டுவது இல்லை. ஆள் உயர இரும்புச் சட்டம், அதில் கிளை கிளையாகக் கொக்கிகள். மேலே ஓடுகிற சங்கிலியில் தொங்கியபடி அது பெயின்ட் அறைக்குள் போய், அடுத்து ஓவனுக்குள் போய், மறுபக்கம் பளபளவென்று உறைகளைச் சுமந்துகொண்டு வெளியே வரும்.

இதற்காகவா பி.ஏ. படித்தாய் என்று ஊரில் கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. சம்பளத்தைச் சேர்த்துவைத்து பி.எட். முடித்து வாத்தியாராகிவிட வேண்டும் என்பது என் கணக்கு. அப்பாவின் கணக்கு வேறு. அத்தை மகன் இருந்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆசையும் இல்லை. அழுது அடம்பிடித்து அப்பாவிடம் ஒரு வருஷம் தவணை வாங்கியிருந்தேன். அதற்குள் வேலை நிரந்தரமாகிவிட்டால் அவர் வற்புறுத்த மாட்டார். ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்பி வந்து கழுத்தை நீட்ட வேண்டும். அப்பா சொன்ன சொல் மாறமாட்டார், இரண்டு பக்கமும்.

தங்கியிருந்தது மண்ணூரில். நானும் தெற்கத்திப் பெண்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. என்னைவிடப் பத்து வயசு மூத்திருப்பாள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர்வைத்த குடும்பம். இப்போது அவளும் எங்கள் லைனில்தான் வேலை, ஆனால் காண்ட்ராக்டர் ஆள். காலையில் என்னோடு கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது வீட்டுக்காரி, லைனில் நின்றால் சக தொழிலாளி, சாயங்காலம் மறுபடி வீட்டுக்காரி. குழாயை மூடாமல் விட்டால் திட்டுவாள். திட்டிவிட்டுக் கருவாட்டுக் குழம்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மாடிக்கு அனுப்புவாள். எனக்கு முதலில் அவளைப் பிடித்ததா அந்தக் குழம்பைப் பிடித்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நான் இங்கிலீஷ் படித்தவள் என்பதால் லைனில் என்னை ஒரு நடமாடும் அகராதியாக வைத்திருந்தார்கள். எஞ்சினியர் என்ன சொன்னாலும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். ரூயினுக்கு அர்த்தம் கேட்டவள் அக்காதான். “இன்னாடி அது? அந்தாளு வந்ததுலேர்ந்து அதையே சொல்லிகினு கீறாரு.” நாசம் என்று அர்த்தம், பாழாய்ப் போவது என்று அர்த்தம் என்றேன். கட்டடம் இடிந்து கிடந்தால் அதற்கும் சொல்லலாம், ஒருவன் வாழ்க்கை கெட்டுப்போனால் அதற்கும் சொல்லலாம் என்று பாடம் வேறு நடத்தினேன்.

மற்றவர்களுக்கு அந்தச் சொல் ஒரே வாரத்தில் விளையாட்டாகிவிட்டது. கரண்ட் போனால் ரூயின். ஷேர் ஆட்டோ பாதி வழியில் நின்றால் ரூயின். என் அறைத் தோழி ஒருத்திக்குப் பேசிமுடித்த மாப்பிள்ளை தொந்தியோடு வந்து நின்றபோது அவளே சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் ‘பாழாப்போன’ என்ற சொல்லை நாங்கள் பஸ், மழை, பூனை என்று எல்லாவற்றுக்கும் முன்னால் மாட்டுவோம். அதில் கோபம்கூட இருக்காது. அப்படி ஒரு வேலையைத்தான் கொரியாக்காரரின் சொல்லும் எங்களிடம் செய்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. காலங்காத்தாலே, லைன் ஓடத் தொடங்குகிற நேரத்தில், வேலை செய்கிற சாமான்மேல் கையை வைத்து நாசம் என்று சொல்லலாமா என்பது அவள் கேள்வி. அவர் மனதில் அப்படி ஒன்றும் இல்லை, ரிஜெக்ட் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று விளக்கினேன். மனசில் இருப்பது யாருக்குத் தெரியும், வாயில் வருவதுதானே வேலை செய்யும் என்றாள். வேறு நல்ல சொல்லாக ஒன்றைச் சொல்லிக் கொடு என்று என்னை விரட்டவும் செய்தாள். ஒரு டிரெய்னி போய் எஞ்சினியருக்கு ஆங்கிலம் திருத்துவதா? நான் மாட்டேன் என்றுவிட்டேன்.

மறுவருஷம் ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். கம்பெனியில் அமர்க்களமாக நடந்ததாம். மிஷின் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எஞ்சினியர் கையாலேயே பூசணிக்காய் உடைக்க வைத்திருக்கிறார்கள். நெற்றியில் பெரிய பொட்டோடு அவர் பொரிகடலை தின்றுகொண்டிருந்த கதையை ஆளாளுக்குச் சொன்னார்கள். அதன் பிறகு தொடர்ந்து விடுமுறை.

விடுமுறை முடிந்து இரவு பஸ்ஸில் வந்து, நேராக முதல் ஷிப்டுக்குள் நுழைந்தேன். அன்று பெயின்ட் அறையிலிருந்து வெளியே வந்த உறைகளைப் பார்த்து எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டோம். ஒவ்வொன்றிலும் அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக இருந்தது. ஒன்று இரண்டு இல்லை, ஹேங்கர் ஹேங்கராக. எஞ்சினியர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பெயின்டை மாற்றினார்கள். காற்றுக் குழாயின் வடிகட்டியை மாற்றினார்கள். குழி போகவில்லை. எங்கள் உறைக்காகப் பெரிய கார் கம்பெனியில் காத்திருக்கிறார்கள் என்று சூப்பர்வைசருக்குப் போன்மேல் போன் வந்தது. அந்த வாரம் இரண்டாவது ஷிப்டில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, ‘நான் அப்பவே சொன்னேன் பாரு’ என்பதுதான். வருஷம் முழுக்கச் சொன்ன சொல் சும்மா விடுமா என்றாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் படுக்கப் போனேன்.

மறுநாள் மத்தியானம் சோதனைக்கூடத்திலிருந்து பதில் வந்தது. குழிக்குக் காரணம் எண்ணெய். மிஷின் எண்ணெய்கூட இல்லை, தேங்காய் எண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று. பெயின்ட் லைனில் வேலை செய்கிறவர்கள் தலைக்கு எண்ணெயோ கைக்குக் கிரீமோ முகத்துக்குப் பவுடரோ போடக்கூடாது என்பது சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுகிற விதி. துளி எண்ணெய் பட்டாலும் பெயின்ட் அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளும். சூப்பர்வைசர் நாங்கள் நிற்கிற இடத்துக்கு வந்தார். ஒவ்வொருவராகக் கடந்தவர் என் பக்கத்தில் வந்ததும் நின்றார். மூக்கைச் சுளித்தார்.

எங்கள் அம்மா காய்ச்சுகிற எண்ணெயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கறிவேப்பிலை, செம்பருத்தி, மருதாணி எல்லாம் போட்டு அடுப்பில் வைத்தால் தெருவே மணக்கும். ஊருக்குப் போன பெண்ணை உட்காரவைத்துத் தலை நிறையத் தேய்த்துவிட்டாள். கிளம்புவதற்கு முன் இரண்டு தரம் ஷாம்பு போட்டு அலசினேன். எண்ணெய் போனது, வாசனை போகவில்லை. எண்ணெய் தேடி வந்தவருக்கு எண்ணெய் மணக்கிற ஒரு தலை கிடைத்துவிட்டது. விடுமுறைக்குப் பிறகுதான் குழி வந்தது, விடுமுறைக்குப் பிறகுதான் நானும் வந்தேன். என் தலை தொப்பிக்குள் இருக்கிறது, தொப்பியிலிருந்து எண்ணெய் குதித்தா ஒவ்வொரு உறையிலும் போய் விழுந்தது என்று சண்டை போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஷிப்ட் மாறும் நேரத்தில் எஞ்சினியர் வருவார், அவர் முடிவு பண்ணட்டும் என்று போய்விட்டார். என் ஒரு வருஷம் முடிய அந்த மாதம் மட்டும் பாக்கி.

ஷிப்ட் மாறும்போது போகிறவர்களும் வருகிறவர்களும் லைனுக்குப் பக்கத்தில் எதிரெதிர் வரிசையாக நிற்பது வழக்கம். எஞ்சினியர் நடுவில் வந்து நின்றார். சூப்பர்வைசர் என்னைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். எஞ்சினியர் என் தலையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். பாதிகூட அவருக்குப் புரிந்திருக்காது. அவர் தலையை மெதுவாக ஆட்டினார். “டிரெய்னிங் பினிஷ்” என்றார்.  அப்பாவின் முகமும் அத்தை வீட்டு வாசலில் போடப்போகிற பந்தலும்தான் கண்முன் வந்தன.

எதிர் வரிசையில் அக்கா தொப்பியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். என்ன எண்ணெய் என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். தேங்காய் எண்ணெய் என்று பதில் வந்ததும் தொப்பியைக் கட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. பூஜை அன்று எல்லாரும் பொரி வாங்கப் போயிருந்தபோது அவள் மட்டும் தனியாகச் செய்த காரியம் அது.

“சார், அந்தப் பொண்ண வுடுங்க. எண்ணெ நான் தடவுனது. ஹேங்கருக்கு.”

சூப்பர்வைசர் நம்பவில்லை. வாடகைக்கு இருக்கிற பெண்ணைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, பேசாமல் வரிசையில் நில்லு என்று அதட்டினார். அக்கா நிற்கவில்லை. மூலையில் இன்னும் லைனில் ஏறாமல் அடுக்கியிருந்த ஹேங்கர்களிடம் போனாள். வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து ஒரு சட்டத்தை மேலிருந்து கீழ்வரை அழுத்தி உருவினாள். துணியை எஞ்சினியர் முன்னால் விரித்துக் காட்டினாள். துணியில் பழுப்பாக எண்ணெய்க் கோடு நீளமாக இருந்தது.

அவர் தொட்டுப் பார்த்தார். மினுமினுத்த விரலை மூக்கருகில் கொண்டுபோனார். ஏன் என்று கேட்டார், அவளிடம் இல்லை, என்னிடம். எல்லாத் தலையும் வழக்கம்போல என் பக்கம் திரும்பியது.

பூஜை என்றால் இரும்புச் சாமானைக் கழுவி, துரு ஏறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து, அதன்மேல்தான் பொட்டு வைப்பார்கள். மண்வெட்டி, அரிவாள், பம்பு செட்டு என்று அக்கா வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் முறை. ஹேங்கரையும் கழுவியாயிற்று, இரும்பு வெளுத்துக் கிடந்தது. அவள் கை தன்னால் எண்ணெய்க்குப் போயிருக்கும். இவ்வளவையும் சொன்னாலே போதும் என்று நான் நினைத்தேன். அக்காவுக்குப் போதவில்லை.

“தப்பா எடுத்துக்க வேணாம்னு சொல்லு. அவரு டெய்லி காத்தால வந்து நாசம் நாசம்னு சொல்றாரு. சொன்னது அந்த ஹேங்கரு மேலயே குந்திகினு இருக்காதா? அது எல்லாம் போவட்டும்னுதான் ஒண்ணுவுடாம தொடச்சேன்.”

நான் மொழிபெயர்த்தேன். கல்லூரியில் மூன்று வருஷம் படித்ததும் அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தானோ என்று தோன்றும். அலங்காரம் ஒன்றும் செய்யவில்லை. தினமும் காலையில் நீங்கள் ரூயின் என்று சொல்கிறீர்கள், அந்தச் சொல் இந்த இரும்பின்மேல் தங்கிவிடக்கூடாது என்று அவள் துடைத்திருக்கிறாள் என்றேன். அவர் புரியாமல் திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன். “மை வேர்ட்?” என்று தன் நெஞ்சில் விரலை வைத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றினார். தங்கள் பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி அக்காவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இவளும் குனிந்தாள். பிறகு அவர் என்னைப் பார்த்து, “யூ ஸ்டே” என்றார்.

ஹேங்கர்கள் எல்லாவற்றையும் மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழுவினார்கள். அடுத்த நாள் உறைகள் குழி இல்லாமல் வந்தன. எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்வரை காலை நேரத்தில் அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை. ‘நாட் குட்’ என்று சொல்லப் பழகிக்கொண்டார், அதுவும் கொஞ்சம் மெல்லிய குரலில்.

அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எஞ்சினியர் அவளுக்காகப் பேசினார் என்று சூப்பர்வைசரே சொன்னார். ஆனால் அவள் எங்கள் கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள். பெயின்ட் லைனில் எண்ணெய் தொட்டவளைத் திரும்ப அனுப்பக் காண்ட்ராக்டர் பயந்தார். சில மாதம் வீட்டில் சும்மா இருந்து, பிறகு தண்டலம் பக்கம் காருக்கு ஒயர்க் கற்றை கட்டுகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. நினைத்தபடியே பி.எட். முடித்தேன். இப்போது படப்பையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறேன். இந்த வாழ்க்கையில் எனக்குப் பிடித்தவை எத்தனையோ உண்டு. அத்தனையும் அவள் அன்று வரிசையைவிட்டு வெளியே வந்ததால் கிடைத்தவை. இதை அவளிடமே பல தரம் சொல்லியிருக்கிறேன், அவள் ‘போடி’ என்பாள்.

ஆனால் அவளை எடுத்துவிட்ட அன்று சாயங்காலம் நான் நன்றி சொல்லவில்லை, சண்டை போட்டேன். அவள் கீழ் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஏன் சொன்னீர்கள், யார் பார்த்தார்கள், உங்களை யார் கேட்டார்கள் என்று வாசலில் நின்று கத்தினேன். கத்தக் கத்த எனக்கு அழுகைதான் வந்தது. அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“உக்காரு மொதல்ல. இந்த ரோட்ல எனுக்கு எத்தினி கம்பெனி கீது, இது இல்லாட்டி இன்னொண்ணு. உனுக்கு ஊருக்குப் போற பஸ்ஸு ஒண்ணுதான் கீது. திரும்பி வர்றதுக்கு உங்கப்பா டிக்கெட் எடுத்துக் குடுப்பாரா?”

நான் உட்கார்ந்தேன். கீரையில் பாதியை என் பக்கம் தள்ளினாள். இரண்டு பேருமாக உருவி முடித்தோம்.

வேலை நிரந்தரமான அன்று அந்த வாசலில் நின்றுதான் அப்பாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு, அத்தை வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

“அங்ஙன ஒத்தையில கெடந்து என்னட்டி செய்வ? ஒனக்குன்னு யாரு இருக்கா?”

“ஒரு அக்கா இருக்காகப்பா.”

நான்தான் எங்கள் வீட்டுக்கு மூத்தவள். உனக்கு ஏது அக்கா என்று அவர் கேட்கவில்லை. அவளிடம் போனைக் கொடு என்றார்.